பள்ளி நூலகமும் கணினியும்: விதிகள் யாருக்காக?

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், நம் ஊர்ப் பள்ளியில் உள்ள நூலகத்தையும் கணினிகளையும் பிள்ளைகள் பயன்படுத்துவதற்கான விதிகளைப் பற்றியது. இதைக் கேட்டவுடன், ‘இது ஆசிரியர்கள் தமக்குள் பேசி முடிக்க வேண்டிய காரியம் அல்லவா? ஏர் பிடிக்கும் நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?’ என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு, அதுவும் நெருங்கிய தொடர்பு உண்டு. அதை எடுத்துக்காட்டுவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

முதலில் சட்டம் கூறுவதைப் பார்ப்போம். குழந்தைகளின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருத்தல் வேண்டும் என்றும், அதில் செய்தித்தாள், பருவ இதழ்கள், எல்லாப் பாடங்களுக்கும் உரிய நூல்கள், கதைப் புத்தகங்கள் ஆகியவை இருத்தல் வேண்டும் என்றும் அச்சட்டத்தின் அட்டவணை கூறுகிறது. அதே சட்டம்தான் பள்ளி மேலாண்மைக் குழு என்ற ஒன்றையும் ஏற்படுத்தியது. அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். உள்ளாட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டோரும் அதில் இடம்பெறுவர். ஆகவே, பள்ளி நூலகத்தின் கதவு எப்போது திறக்கப்படும், கணினிமுன் யார் அமர்வர் என்பன போன்ற கேள்விகள் உங்கள் முன்னும் வருவனவேயாகும். விதிகளை எழுதும் இடத்தில் நீங்களும் அமர்ந்திருக்கிறீர்கள் என்பதை மறவாதீர்கள்.

ஏரியும் மடையும்

விதி என்பது எதற்காக? இதை உங்களுக்கு நாம் விளக்கவும் வேண்டுமோ? ஏரிப் பாசனம் செய்யும் ஊர்களில் பிறந்து வளர்ந்தவர்கள் நீங்கள். ஏரியில் தண்ணீர் குறைந்த ஆண்டில் முறை வைத்து நீர் பாய்ச்சுகிறோம். இன்ன வயலுக்கு இத்தனை நாழிகை என்று ஊரார் கூடிப் பேசுகிறோம். நீர்க்கட்டி ஒருவரை நியமித்து, அவர் மடையைத் திறக்கவும் அடைக்கவும் ஒப்புக்கொள்கிறோம். தலைமடைக்காரர் தம் வயலை நிரப்பிக்கொண்டு அமைதியாக இருந்துவிட்டால் கடைமடைக்காரரின் பயிர் காய்ந்துபோகும். அது நேராமல் இருக்கவே முறை ஏற்பட்டது. கடைமடை வயல் நனைந்ததா என்பதைக் கொண்டே அந்த ஆண்டின் நீர்ப் பங்கீடு நல்லதா, கெட்டதா என்று ஊர் மதிப்பிடுகிறது.

‘தண்ணீர் வீணாகிவிடும்’ என்று அஞ்சி மடையையே அடைத்து முத்திரை வைத்துவிட்ட ஊர் எங்கேனும் உண்டா? அப்படிச் செய்தால் ஏரி நிரம்பியிருக்கும், பயிர் இராது. நீரைக் காப்பாற்றிவிட்டோம் என்று எவரும் மகிழமாட்டார்.

நூலகத்து விதியும் இத்தகையதே. நூல்களையும் கணினிகளையும் பிள்ளைகளிடமிருந்து காப்பாற்றுவதற்காக அது ஏற்படவில்லை. அவற்றை எல்லாப் பிள்ளைகளிடமும் கொண்டுசேர்ப்பதற்காக ஏற்பட்டது. கடைமடைப் பிள்ளைக்கு எட்டாத விதி எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருப்பினும் அது விதியன்று, பூட்டேயாகும்.

நம் நாட்டு மரபு

இக்கருத்து எங்கோ வெளிநாட்டிலிருந்து இறக்குமதியானது அன்று. 1892இல் சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார். நூலக இயலுக்கென ஐந்து விதிகளை வகுத்து 1931இல் நூலாக வெளியிட்டார். இன்று உலகெங்கும் நூலகர் பயிற்சியில் அவ்விதிகள் கற்பிக்கப்படுகின்றன. நூலுக்குரிய இடம் படிப்பவர் கையே என்பதும், ஒவ்வொருவருக்கும் அவருக்கேற்ற நூல் கிடைக்கச் செய்வது நூலகத்தின் கடமை என்பதும் அவற்றின் சாரமாகும். முற்காலத்து ஐரோப்பாவில் நூல்களை இரும்புச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்தனர். அந்தச் சங்கிலி எப்போதோ அறுந்துவிட்டது. ஆனால் சங்கிலியை அறுத்த உலகில் பூட்டு மட்டும் இன்னும் பல இடங்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அதே 1931ஆம் ஆண்டில், மன்னார்குடி வட்டாரத்தில் எஸ். வி. கனகசபைப் பிள்ளை அவர்களின் முயற்சியால் மாட்டுவண்டி ஒன்றில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்றனர். நூலகத்துக்கு வரமுடியாத உழவரைத் தேடி நூலகமே புறப்பட்டது. மழையும் புழுதியும் நூல்களைக் கெடுத்துவிடும் என்று எண்ணியிருந்தால் அந்த வண்டி புறப்பட்டிருக்குமா?

1948இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பெற்ற பொது நூலகச் சட்டமே, விடுதலை பெற்ற இந்தியாவில் தோன்றிய முதல் நூலகச் சட்டமாகும். அச்சட்டத்தின்படியே இன்றும் நீங்கள் செலுத்தும் வீட்டுவரியோடு, ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் சேர்த்துப் பெறப்படுகிறது. அப்பணம் பொது நூலகங்களுக்கு உரியது. பள்ளி நூலகத்துக்கு அன்று. ஆயினும், ஊரார் வரி கொடுத்து நூல் வாங்கிப் பொதுவில் வைத்துப் படிக்கும் வழக்கம் நம்மிடையே நெடுநாளாக உண்டு என்பதற்கு அது சான்று. பள்ளியில் உள்ள நூல்களும் கணினிகளும் அவ்வாறே பொதுச் சொத்துக்கள்.

பூட்டு ஏன் விழுகிறது?

நாம் அறிந்த ஒரு பள்ளியில் கதைப் புத்தகங்கள் நிறைந்த இரும்பு பீரோ ஒன்று தலைமையாசிரியர் அறையில் இருந்தது. அதன் சாவி அவருடைய மேசை இழுப்பறையில் இருந்தது. மேலதிகாரி வரும் நாளில் பீரோ திறக்கும். நூல்கள் மேசைமீது பரப்பப்படும். மாலையில் மீண்டும் உள்ளே போகும். பக்கத்து அறையில் கணினிகள் தூசு படாதபடி துணி போர்த்தப்பட்டு அமர்ந்திருந்தன. நெடுநாள் கழித்துத் திறந்து பார்த்தபோது, கீழ்த்தட்டு நூல்களைக் கரையான் அரித்திருந்தது, யு.பி.எஸ். கருவியின் மின்கலம் பயன்படாமலே செயலிழந்திருந்தது. பிள்ளைகளின் கை படாமல் காக்கப்பட்ட பொருள்கள் கரையானுக்கும் காலத்துக்கும் இரையாயின.

அந்தத் தலைமையாசிரியரை நாம் குறை கூற விரும்பவில்லை. அவர் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. இருப்புப் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு நூலுக்கும் அவர் பொறுப்பாளி. தணிக்கையின்போது ஒரு நூல் குறைந்தாலும் விளக்கம் கேட்கப்படும். சில வேளைகளில் தம் கைப்பணத்தைக் கொடுத்து நூல் வாங்கி வைக்கவும் நேரிடும். கொடுத்தால் தொல்லை, கொடாவிட்டால் தொல்லை இல்லை என்னும் நிலையில் ஒரு மனிதரை நிறுத்திவிட்டு, அவர் ஏன் பூட்டுகிறார் என்று கேட்பது நியாயம் அன்று. இங்கேதான் உங்கள் துணை வேண்டியிருக்கிறது.

அரசின் விதிகள் இவ்வளவு கடுமையானவை என்று எண்ணிவிடாதீர்கள். மத்திய அரசு தன் அலுவலகங்களுக்காக 2017இல் வெளியிட்ட பொது நிதி விதிகளில் நூலகத்தைப் பற்றிய விதி ஒன்று உண்டு. ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது எடுத்துப் பார்க்கப்பட்ட 1,000 நூல்களுக்கு 5 நூல்கள் தொலைந்திருப்பின், அதில் நேர்மையின்மையோ கவனக்குறைவோ இல்லாதவரையில், அதனை இயல்பான இழப்பாகக் கருதலாம் என்கிறது அவ்விதி. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட விலையுடைய நூலும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் விசாரணை கட்டாயம் வேண்டும். நம் மாநிலப் பள்ளிகளுக்கு மாநில அரசின் விதிகளும் துறை ஆணைகளுமே பொருந்தும். இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. எனினும் இதன் உட்பொருளைக் கவனியுங்கள். பயன்படுத்தினால் சிறிது தேய்மானம் உண்டு, அது குற்றமன்று. விதைநெல் சிந்தாமல் விதைக்க எவராலும் முடியாது அல்லவா?

ஆகையால் நாம் கூறும் முதல் யோசனை இது. ஆண்டுக்கு ஒருமுறை, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் இருவரும் ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து நூல்களை எண்ணிப் பார்க்க வேண்டும். தொலைந்தவை எவை, கிழிந்தவை எவை, காரணம் என்ன என்று குழுவின் தீர்மானப் புத்தகத்தில் பதிய வேண்டும். அத்தீர்மானத்தோடு, அவற்றைப் பதிவேட்டிலிருந்து நீக்க உரிய அதிகாரிக்கு எழுத வேண்டும். ஆசிரியர் ஒருவரின் தலைமேல் இருக்கும் சுமையை ஊரார் பலரும் தாங்கிக்கொண்டால், சாவி தானே இழுப்பறையை விட்டு வெளியே வரும்.

நூல்களுக்கான விதிகள்

விதிகள் பலவாக இருத்தல் கூடாது. பத்து வயதுப் பிள்ளை மனத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய அளவே இருத்தல் வேண்டும். நாம் கருதும் சில விதிகளைக் கூறுகிறோம். உங்கள் ஊருக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் கொள்ளலாம்.

முதலாவது: ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்தில் ஒரு பாடவேளையேனும் நூலகத்துக்கென ஒதுக்கப்பட வேண்டும். அந்த வேளையைக் கணக்குப் பாடத்துக்கோ தேர்வுக்கோ எடுத்துக்கொள்ளுதல் கூடாது. முறை வைத்த நாளில் பிறர் வயலுக்கு மடை திருப்புவது எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு இதுவும்.

இரண்டாவது: நூல்கள் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில், அட்டை முகம் தெரியும்படி இருத்தல் வேண்டும். பீரோவின் மேல்தட்டில் உள்ள நூலை எட்டு வயதுப் பிள்ளை கேட்டு வாங்கமாட்டான். கண்ணில் பட்டால் எடுப்பான், எடுத்தால் படிப்பான். நம் மாநிலத்தில் 2023இல் தொடங்கப்பெற்ற வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சிறு நூல்கள் வெளியிடப்பட்டன. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு ஒன்று, தடையின்றிப் படிக்கும் பிள்ளைக்கு வேறொன்று என்று பிரித்து வைக்கும் முறை நல்ல முறையாகும்.

மூன்றாவது: ஒரு வாரத்துக்கு ஒரு நூல் வீட்டுக்குக் கொண்டுசெல்ல ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிமை உண்டு. வழங்கும் பதிவேட்டைப் பிள்ளைகளே எழுதலாம். வகுப்புக்கு இருவர் என மாணவ நூலகர்களை அமர்த்தி, பருவந்தோறும் மாற்ற வேண்டும். நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கே இப்பதவி என்று வைத்துவிடாதீர்கள். பின்வாங்கி நிற்கும் பிள்ளையிடம் சாவியை ஒப்படைத்துப் பாருங்கள்; அவனுடைய நிமிர்வைக் காண்பீர்கள்.

நான்காவது: நூல் தொலைந்தால் பண அபராதம் விதித்தல் கூடாது. இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘தொலைத்தால் பணம் கட்ட வேண்டும்’ என்ற விதி ஏட்டில் எல்லாருக்கும் பொதுவானதாகவே தோன்றும். ஆனால் கையில் காசுள்ள வீட்டுப் பிள்ளை நூலை எடுத்துச் செல்வான். கூலி வேலைக்குச் செல்லும் தாயின் மகள், ‘தொலைந்துவிட்டால் அம்மாவால் கட்ட முடியாதே’ என்று அஞ்சி நூலைத் தொடவும் மாட்டாள். ஓலைக் குடிசையில் மழை ஒழுகி நூல் நனைந்தால் அது அவள் குற்றமா? தொடக்கக் கல்வியைத் தொடர்வதற்குத் தடையாக அமையும் எந்தக் கட்டணத்தையும் பிள்ளைகளிடம் பெறுதல் கூடாது என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் கூறுவதன் கருத்தும் இதுவே. உடலுக்கோ மனத்துக்கோ துன்பம் தரும் தண்டனையையும் அச்சட்டம் விலக்கியிருக்கிறது. ஆகவே, தொலைத்த பிள்ளையை வகுப்பின் முன்னே நிறுத்தித் தலைகுனியச் செய்வதும் ஆகாது. கிழிந்த நூலை ஆசிரியர் துணையோடு ஒட்டித் தைத்துத் தரட்டும். தொலைந்த நூலுக்கு ஈடாகப் பழைய நூல்களுக்கு அட்டை போட்டுத் தரட்டும். பொறுப்பும் பழகும், அச்சமும் இராது.

ஐந்தாவது: நூலகத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாயில், ஒரே மேசையில் கலந்து அமர வேண்டும். இந்தத் தெருப் பிள்ளை, அந்தத் தெருப் பிள்ளை என்ற பேச்சு நூலக வாயிலுக்கு வெளியிலும் இருத்தல் கூடாது. உள்ளே கட்டாயம் இருத்தல் கூடாது. இதை ஆசிரியர் மட்டும் சொன்னால் போதாது. ஊர்ப் பெரியவர்களாகிய நீங்கள் ஒருநாள் வந்து அவ்வாறு அமர்ந்து காட்டினால் அதுவே பெரிய விதியாகும்.

பராமரிப்பைப் பற்றியும் ஒரு சொல். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரற்கடை தள்ளி வையுங்கள். கால்களுக்கு அடியில் கல் கொடுத்து உயர்த்துங்கள். நூல்களுக்கு இடையே உலர்ந்த வேப்பிலை வைப்பது நம் பாட்டிமார் அறிந்த முறை. எல்லாவற்றினும் சிறந்த மருந்து, நூலை அடிக்கடி எடுத்துப் புரட்டுவதேயாகும்.

கணினிக்கான விதிகள்

இனிக் கணினியைப் பற்றிப் பார்ப்போம். நம் மாநிலத்தில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டன. பின்னர் நடுநிலைப் பள்ளிகளுக்கும் இத்திட்டம் விரிவாக்கப்பட்டது. வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்கு இது ஒன்றே வாயில். ஆதலின் இங்கே முறை வைப்பது நூலகத்தைவிட மிகுதியும் தேவைப்படுகிறது.

ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள், அறையில் 10 கணினிகள் என்று வைத்துக்கொள்வோம். கணினிக்கு இருவர் என்றால் ஒரே வேளையில் 20 பேர் அமரலாம். 40 நிமிடப் பாடவேளையை இரண்டாகப் பிரித்தால் எல்லாருக்கும் 20 நிமிடம் கிடைக்கும். எஞ்சிய 20 பேர் அவ்வேளையில் நூலகத்தில் படிக்கலாம். நூலகமும் கணினி அறையும் ஒன்றுக்கொன்று துணையாக இயங்குவது இவ்வாறுதான்.

ஆனால் இருவர் அமர்ந்தால் மட்டும் போதாது. யார் கையில் மவுஸ் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பல இடங்களில் ஒரு பையன் விசைப்பலகையைப் பிடித்துக்கொள்ள, பக்கத்தில் பெண்பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கிறாள். முன்பே வீட்டில் பழகியவன் தலைமடை. இன்றுதான் தொட வந்தவள் கடைமடை. பாதி நேரம் முடிந்ததும் ஆசிரியர் மணி அடித்து இருவரையும் இடம் மாறச் செய்ய வேண்டும். பெயரை எழுதிவைக்கும் முறைப் பட்டியல் ஒன்று சுவரில் தொங்க வேண்டும். யார் எத்தனை முறை அமர்ந்தனர் என்பதைப் பெற்றோர் எவரும் பார்த்து அறியலாம்.

இரண்டாவதாக, தமிழில் எழுதப் பழகுதல். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்99 என்னும் விசைப்பலகை அமைப்பை அரசு ஏற்றது. உயிர் எழுத்துகள் ஒரு கைக்கும் மெய் எழுத்துகள் மறு கைக்குமாக அமைந்த எளிய முறை அது. ஆங்கிலம் அறியாத பிள்ளையும் தன் மொழியில் கடிதம் எழுதலாம். ஊராட்சிக்கு மனு எழுதித் தரலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஆயிரக்கணக்கான தமிழ் நூல்கள் விலையின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. பள்ளி அலமாரியில் இல்லாத நூலை அங்கே தேடலாம்.

மூன்றாவதாக, பாதுகாப்பு. கடவுச்சொல்லை எவரிடமும் சொல்லுதல் கூடாது. தன் புகைப்படம், வீட்டு முகவரி, ஆதார் எண், பெற்றோரின் வங்கி விவரம், கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண் ஆகியவற்றை முன்பின் அறியாதவர்க்குத் தருதல் கூடாது. ஆசிரியருக்குத் தெரியாமல் பென் டிரைவ் செருகுதல் கூடாது. பணமோசடி நேர்ந்தால் 1930 என்ற எண்ணுக்கும், பிள்ளைகளுக்கு எவரேனும் துன்பம் இழைத்தால் 1098 என்ற எண்ணுக்கும் உடனே தெரிவிக்கலாம். இவ்விரு எண்களையும் அறையின் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, நமக்கும் அவை பயன்படும்.

இதனோடு மிக முக்கியமான விதி ஒன்று உண்டு. அது பெரியவர்களுக்கு உரியது. திரையில் தகாத படமோ, அச்சுறுத்தும் செய்தியோ தோன்றியது என்று ஒரு பிள்ளை வந்து சொன்னால், அந்தப் பிள்ளையைக் கடிந்துகொள்ளுதல் கூடாது. ‘நீ ஏன் அதைத் திறந்தாய்?’ என்று அதட்டினால் அடுத்த முறை அவள் சொல்லமாட்டாள். அல்லது, ‘இனிப் பெண்பிள்ளைகளுக்குக் கணினி வேண்டாம்’ என்று வீட்டிலே தடை விழும். பாம்பைக் கண்டதாக ஓடி வந்து சொல்லும் பிள்ளையை நாம் அடிப்பதில்லை. தடியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கிறோம். இதுவும் அவ்வாறே.

நான்காவதாக, கண்டதெல்லாம் மெய்யன்று என்னும் பழக்கம். இக்காலத்தில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கேட்டவுடன் விடை எழுதித் தருகின்றன. கட்டுரையும் எழுதித் தருகின்றன. அவ்விடை சில வேளைகளில் சரியாகவும், சில வேளைகளில் துணிச்சலான பொய்யாகவும் இருக்கும். அதை அப்படியே எழுதிக் கொடுக்கும் பிள்ளை, பிறர் உழுத வயலைத் தன் வயல் என்று காட்டுபவன் ஆவான். கணினியில் கண்டதை ஒரு நூலோடேனும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும் என்று விதி வைக்கலாம். உரம், பூச்சிமருந்து பற்றிக் கைப்பேசியில் வரும் செய்திகளை வேளாண்மை அலுவலரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளும் உழவருக்கு இதன் அருமை நன்கு விளங்கும்.

ஐந்தாவதாக, பொருளைப் பேணுதல். ஈரக் கையோடு தொடாமை, அறையில் உண்ணாமை, முறைப்படி கணினியை மூடிய பின்பே மின்சாரத்தை நிறுத்துதல், இடி மின்னல் வேளையில் இணைப்பைக் கழற்றிவிடுதல் ஆகியவற்றைப் பிள்ளைகள் விரைவில் கற்றுக்கொள்வர். உங்களுக்கு உரிய பங்கும் உண்டு. மோட்டார்க் கொட்டகையில் நில இணைப்புச் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் நீங்கள், பள்ளியின் நில இணைப்பையும் பார்க்கலாம். கோடையில் அக்குழி காயாமல் நீர் ஊற்றச் செய்யலாம். கூரை ஒழுகல், சன்னல் தாழ்ப்பாள், சுற்றுச்சுவர், வாயில் விளக்கு ஆகியவை ஊராட்சி எடுத்துச் சொன்னால் விரைவில் சரியாகும் காரியங்கள்.

மாலைப் பொழுது

இன்னும் ஒன்று கூறி முடிக்கிறோம். பள்ளி மணி அடித்ததும் கதவு சாத்தப்படுகிறது. ஆனால் வீட்டில் படிக்க இடமில்லாத பிள்ளைக்கு, விளக்கு அணைந்துவிடும் வீட்டுப் பிள்ளைக்கு, அதற்குப் பின்னர்தான் நூலகம் தேவைப்படுகிறது. வாரத்தில் இரண்டு நாட்களேனும் மாலை ஒரு மணி நேரம் நூலகத்தைத் திறந்துவைக்க இயலுமா என்று உங்கள் குழு ஆராயட்டும். ஆசிரியர்மேல் மட்டும் இச்சுமையை ஏற்றாமல், பெற்றோர் இருவர் முறை வைத்து உடனிருக்கலாம். அவருள் ஒருவர் தாயாக இருத்தல் நலம். வீடு திரும்பும் பெண்பிள்ளைகள் கூட்டமாகச் செல்லவும், வழியில் தெருவிளக்கு எரியவும் ஊராட்சி பொறுப்பேற்கலாம். தெருவிளக்கு இல்லாத காரணத்தால் ஒரு பிள்ளையின் படிப்பு நிற்குமானால், அந்தக் குறை பள்ளியினுடையது அன்று, நம்முடையது.

நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுவது முறையாக இருக்கிறது. சாலை, குடிநீர், வேலைத்திட்டம் ஆகியவற்றைப் பேசுகிறோம். அவற்றுள் ஒரு கூட்டத்திலேனும், ‘இந்த ஆண்டில் நம் பள்ளியிலிருந்து எத்தனை நூல்கள் பிள்ளைகளின் வீட்டுக்குப் போயின? ஒருமுறைகூடக் கணினியைத் தொடாத பிள்ளைகள் எத்தனை பேர்?’ என்னும் இரண்டு கேள்விகளை எழுப்புங்கள். எத்தனை நூல்கள் இருக்கின்றன, எத்தனை கணினிகள் வந்தன என்ற கணக்கு ஏரியின் கொள்ளளவைச் சொல்வது போன்றது. நாம் கேட்க வேண்டியது கடைமடையின் கணக்கு.

விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டுவது எளிது. எழுதும்போது, ஊரின் கடைசித் தெருவில், கடைசி வீட்டில் இருக்கும் பிள்ளையை மனத்தில் நிறுத்தி எழுதுங்கள். காலையில் தாயோடு களையெடுக்கச் சென்று, பின்னர் ஓட்டமும் நடையுமாகப் பள்ளிக்கு வரும் அந்தப் பெண்பிள்ளை, ‘எனக்கும் ஒரு நூல் வேண்டும்’ என்று அச்சமின்றிக் கை நீட்ட முடிகிறதா என்று பாருங்கள். அவள் கைக்கு நூல் வந்துவிட்டால் உங்கள் விதி நல்ல விதி. வரவில்லையானால் அதை அழித்துவிட்டு மீண்டும் எழுதுங்கள்.

அதற்கு முதற்படியாக, இக்கூட்டம் முடிந்து ஊர் திரும்பியதும் நாளைக் காலையிலேயே பள்ளிக்குச் சென்று, நூலகச் சாவி எங்கே இருக்கிறது என்று அன்போடு விசாரியுங்கள் எனக் கேட்டுக்கொண்டு, இவ்வுரையை முடிக்கிறோம்.